திரையில் பழகிய கை

2022 அக்டோபர் 30. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்கார் கார்ப் பந்தயத்தின் கடைசிச் சுற்று. ராஸ் சேஸ்டெய்ன் பத்தாவதாக வந்துகொண்டிருந்தார். ஆண்டுப் பட்டத்துக்கு மோதப்போகும் நால்வரில் ஒருவராக வேண்டுமானால் அவருக்கு இன்னும் இரண்டு புள்ளிகள் வேண்டும். இரண்டு கார்களையாவது முந்தியாக வேண்டும். மிச்சம் இருந்ததோ அரைச் சுற்று, இரண்டே வளைவு. முறைப்படி ஓட்டினால் நடக்காத காரியம்.

அவர் ஐந்தாவது கியருக்கு மாற்றினார். மற்றவர்கள் வளைவுக்காக பிரேக்கை மிதிக்கும் இடத்தில் அவர் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினார். காரின் வலப்பக்கத்தை வெளிச்சுவரோடு சேர்த்துவிட்டு, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். கார் சுவரை உரசியபடியே இரண்டு வளைவையும் கடந்தது. ஐந்து கார்களை முந்திக்கொண்டு ஐந்தாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டார். அந்தச் சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 18.845 விநாடி. அந்தத் தடத்தில் அந்த வகைக் கார் எதுவும் அதுவரை அவ்வளவு விரைவாக ஒரு சுற்றை முடித்ததில்லை. பட்டத்துக்கு மோதும் நால்வரில் இடமும் கிடைத்துவிட்டது.

இப்படி ஒரு வழி எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களுக்கு சேஸ்டெய்ன் சொன்ன பதில்தான் பந்தயத்தைவிட அதிகம் பேசப்பட்டது. சிறுவயதில் நின்டெண்டோ கேம்கியூபில் 'நாஸ்கார் 2005' என்ற வீடியோ கேம் ஆடியிருக்கிறார். சுவரில் சாய்ந்து வேகம் குறையாமல் வளைவைக் கடப்பது அதில் பையன்கள் செய்யும் குறும்பு. பல ஆண்டு கழித்து, உண்மையான காரில், உயிரைப் பணயம் வைத்து அதைச் செய்து பார்த்துவிட்டார்.

கேமில் பலித்தது தார்த்தளத்திலும் ஏன் பலித்தது? வளைவில் திரும்பும் எந்தப் பொருளையும் வட்டத்தின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுக்கவோ தள்ளவோ வேண்டும். சாதாரணமாக அந்த விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிவிடும். டயரால் தர முடிந்ததற்கு ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் வளைவுக்கு முன் எல்லோரும் பிரேக் பிடிக்கிறார்கள். சேஸ்டெய்ன் அந்தப் பொறுப்பை டயரிடமிருந்து வாங்கிச் சுவரிடம் கொடுத்துவிட்டார். கார் வெளியே போகப் பார்க்க, சுவர் உள்ளே தள்ளியது. வேகம் கூடக்கூடச் சுவரும் கூடுதலாகத் தள்ளும். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் மரணக் கிணற்றின் செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரை வட்டத்தில் திருப்புவதும் இதே தள்ளல்தான். ஒரு வேறுபாடு உண்டு. மரணக் கிணற்றில் சுவரின் மேல் உருள்வது சக்கரம். மார்ட்டின்ஸ்வில்லில் உரசியது காரின் தகடு. உரசலில் கொஞ்சம் வேகம் போகும், கார் நாசமாகும். ஆனால் கடைசி அரைச் சுற்றுக்குப் பிறகு கார் எப்படியிருந்தால் என்ன என்பதுதான் சேஸ்டெய்ன் போட்ட கணக்கு.

2023 தொடக்கத்தில் நாஸ்கார் நிர்வாகம், இனி யாராவது இப்படிச் செய்தால் ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு விதியின்படியே நேர அபராதம் விதிக்கப்படும் என்று அறிவித்தது. சரியான முடிவு. சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் இருக்கிறார்கள்.

சேஸ்டெய்ன் கதையில் கேம் கொடுத்தது ஒரு யோசனையை மட்டும். கேம் ஒரு மனிதனுக்கு ஓட்டும் திறமையையே கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பெரிய சோதனை 2008-இல் தொடங்கியது. நிசான் நிறுவனமும் சோனியும் சேர்ந்து 'ஜிடி அகாடமி' என்ற போட்டியை நடத்தின. கஸுனோரி யமவுச்சி உருவாக்கி 1997-இல் ஜப்பானில் வெளியான 'கிரான் டூரிஸ்மோ' கேமின் ஆட்டக்காரர்களில் வேகமானவர்களைப் பொறுக்கி, உண்மையான பந்தயக் காரில் உட்காரவைப்பது திட்டம். முதல் ஆண்டில் வென்றவர் லூகாஸ் ஓர்தோனியெஸ், ஸ்பெயின் நாட்டு மாணவர். 2011-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி எல்எம்பி2 பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. அதே 2011-இல் சுமார் 90,000 போட்டியாளர்களைத் தாண்டி அகாடமியில் வென்ற ஜான் மார்டன்பரோ, பிரிட்டனின் கார்டிஃப் நகரில் வளர்ந்தவர், அப்போது வயது 19. இரண்டே ஆண்டில் அவரும் லெ மானில் அதே பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் இருந்தார். 2023-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' திரைப்படம் இவருடைய கதைதான்.

இவர்கள் எவ்வளவு வேகமானவர்கள் என்பதற்கு வெற்றிகளைவிட ஒரு மறுப்பு நல்ல சாட்சி. தொழில்முறை வீரர் ஒருவரும் அமெச்சூர் ஒருவரும் ஜோடி சேர்ந்து ஓட்டும் பந்தயங்களில், கேமிலிருந்து வந்த புதியவர்கள் அமெச்சூர் என்ற கணக்கில் களமிறங்கினார்கள். அனுபவ ஆண்டுகளைப் பார்த்தால் அமெச்சூர்தான். வேகத்தைப் பார்த்தால் இல்லை. 2013 பருவத்துக்கு பிரிட்டிஷ் ஜிடி தொடர் அகாடமியிலிருந்து வந்தவர்களை ஏற்க மறுத்துவிட்டது.

திரையில் பழகிய கைக்கு இது எப்படிச் சாத்தியம்? இதற்கான விடை டயரின் அடியில், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு ரப்பர்ப் பட்டையில் இருக்கிறது.

கார் ஓடும்போது டயர் முழுவதும் தரையைத் தொடுவதில்லை. அந்தச் சிறு பட்டை மட்டும்தான் தொடுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. பட்டையின் முன்விளிம்பில் தரையைத் தொடும் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் உருள உருள அந்தத் துண்டு பக்கவாட்டில் மேலும் மேலும் வளைக்கப்பட்டு, பின்விளிம்புக்கு வரும்போது அதிகம் வளைந்திருக்கும். அதனால் பக்கவாட்டு விசையின் மையம் பட்டையின் நடுவில் இருப்பதில்லை, சற்றுப் பின்தள்ளி இருக்கிறது. இந்தப் பின்னடைவுதான் சக்கரத்தை மறுபடி நேராக்கப் பார்க்கும் முறுக்கைத் தருகிறது. வளைவில் ஸ்டீயரிங் கையில் கனமாகத் தெரிவதற்குக் காரணங்களில் இது முக்கியமானது.

இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். பட்டையின் பின்பகுதி ரப்பர் இனியும் வளைய முடியாமல் வழுக்கத் தொடங்கும். முன்பகுதி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். விசையின் மையம் முன்னே நகரும், முறுக்கு குறையும். மொத்தப் பிடிப்பு உச்சத்தைத் தொடும் முன்னரே ஸ்டீயரிங் இலேசாகிவிடும்! வழுக்கப் போகிறேன் என்று டயர் வழுக்குவதற்கு முன்பே கைக்குச் சொல்லிவிடுகிறது. இந்த ஒரு கணத்தை உணரத் தெரிந்தவர் வேகமான ஓட்டுநர். அதைத் தவறவிடுகிறவர் வளைவுக்கு வெளியே நிற்பார்.

இந்தச் செய்தி முழுக்க முழுக்க ஒரு முறுக்கு விசை. அதைக் கணக்கிட முடியும், மோட்டாரால் உண்டாக்கவும் முடியும். நல்ல சிமுலேட்டர்களில் ஸ்டீயரிங் நேராக ஒரு மின்மோட்டாரின் தண்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. கேம் ஒவ்வொரு டயரின் நிலையையும் கணக்கிட்டு, எவ்வளவு முறுக்கு வர வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்கிறது. 'ஐரேசிங்' என்ற சிமுலேட்டரில் இந்தக் கணக்கு விநாடிக்கு 360 தடவை நடக்கிறது. டயர் இலேசாகும் அந்தக் கணம் அறைக்குள் உட்கார்ந்திருப்பவரின் கையிலும் வந்து தட்டுகிறது. கையைப் பொறுத்தவரை அது பொய்யல்ல.

டயரைக் கணக்காக மாற்றிய கதையில் ஹான்ஸ் பசெய்க்கா என்ற டச்சுப் பொறியாளரின் பங்கு பெரியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். கோணத்துக்கும் விசைக்கும் உள்ள உறவை ஒரே சமன்பாட்டில் அடக்கும் வழியை 1980களின் பிற்பகுதியில் சகாக்களோடு வெளியிட்டார். அடிப்படை விதிகளிலிருந்து பிறந்த சமன்பாடு அல்ல அது. சோதனை மேடையில் டயரை உருட்டி அளந்த வளைகோட்டோடு அச்சாகப் பொருந்தும்படி அமைத்த சமன்பாடு. கார்த் தொழிற்சாலைகளுக்காகப் பிறந்தது. இன்று பல பந்தய கேம்களின் அடித்தளத்தில் அதுவோ அதன் வழிவந்த ஒன்றோ இருக்கிறது. தடங்களும் இப்படியே கணினிக்குள் வந்தன. லேசர் கருவியைத் தடத்தில் கொண்டுபோய், தளத்தின் மேடு, பள்ளம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிவு செய்கிறார்கள். எந்த மேட்டில் கார் தூக்கிப் போடும் என்பது, அந்த ஊருக்கே போகாத ஆட்டக்காரருக்கும் பழகிப் போகிறது.

ஐரேசிங்கைத் தொடங்கியவர்கள் இருவர். கேம் வடிவமைப்பாளர் டேவிட் கேமர் ஒருவர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கும் லிவர்பூல் கால்பந்து கிளப்புக்கும் முதன்மை உரிமையாளரான ஜான் ஹென்றி மற்றவர். அங்கே பழகிய பையன்களில் ஒருவர் வில்லியம் பைரன். உண்மையான பந்தயக் காரில் ஏறும் முன் கணினியில் நூற்றுக்கு மேல் பந்தயங்களை வென்றவர். பதினைந்து வயதை ஒட்டித்தான் தார்த்தளத்துக்கு வந்தார். பந்தயத்துறையில் இது மிகத் தாமதம். பிறர் ஆறேழு வயதிலேயே கோ-கார்ட் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். 2024-இலும் 2025-இலும் நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ அடுத்தடுத்து வென்றவர் இந்த பைரன்தான். சேஸ்டெய்ன் கதை வேடிக்கையானது என்று யாராவது ஒதுக்கலாம். பைரனை ஒதுக்க முடியாது.

கைக்குச் சொன்னது காலுக்கும் பொருந்தும். பந்தயக் காரின் பிரேக் மிதி நம் வீட்டுக் காரில் இருப்பதுபோல் இறங்காது; கல் மாதிரி இருக்கும். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் உச்சத்தில் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமாக மிதிக்கிறார். எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதையே கால் நினைவில் வைக்கிறது. மலிவான கேம் மிதிகள் தூரத்தை அளக்கின்றன. நல்லவற்றில் எடைத் தராசுகளில் இருப்பதுபோன்ற விசை உணரி இருக்கிறது. அழுத்தத்தில் அதன் உலோகத் தகடு மயிரிழையளவு வளைய, மின்தடை மாற, அந்த மாற்றம் பிரேக்காகிறது. ஒரே அழுத்தத்தை ஆயிரம் தடவை கொடுத்துப் பழகிய கால் உண்மையான காரில் ஏறினாலும் அதை மறப்பதில்லை.

கண்ணைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஷான் கிரீன், டாஃப்னி பவலியே இருவரும் 2003-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. கேம் ஆடாதவர்களைப் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வேகமான சுடும் கேம் ஒன்றை ஆடச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு டெட்ரிஸ். பரபரப்பான காட்சியில் ஓரத்தில் நடப்பதைக் கவனிக்கும் திறன் முதல் குழுவுக்குக் கூடுதலாக வளர்ந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு, கேம் ஆடினால் எல்லாத் திறமையும் வந்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை, பழகிய வேலைக்கு நெருக்கமான வேலைக்குத்தான் திறமை இடம்பெயரும். பந்தய சிமுலேட்டரும் பந்தயக் காரும் மிக நெருங்கிய உறவினர்கள் என்பதால்தான் இந்த அதிசயம் இங்கே நடந்தது.

இடம்பெயராதது உடல்பாரம். ஃபார்முலா ஒன் கார் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநரின் உடல் ஐந்து மடங்கு எடை கூடியதுபோல் முன்னே இழுக்கப்படுகிறது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால் கழுத்து முப்பது கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், வளைவுக்கு வளைவு, ஒன்றரை மணி நேரம். காரின் பின்பக்கம் வழுக்கினால் அதை முதலில் உணர்வது இடுப்பும் உட்காதும். சிமுலேட்டரில் அந்த உணர்வு கிடையாது. அங்கே கண்ணும் கையும் மட்டும் வைத்துப் பிடிக்க வேண்டும். உண்மையான பந்தயத்தில் வளர்ந்தவர்கள் முதல்முறை சிமுலேட்டரில் திணறுவதும், கேமில் வளர்ந்தவர்கள் முதல்முறை காரில் கழுத்து துவண்டு இறங்குவதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள்.

அச்சமும் இடம்பெயராது; கேமில் மோதினால் யாரும் சாவதில்லை. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் மார்டன்பரோ ஓட்டிய கார் ஒரு மேட்டில் முன்பக்கம் தூக்கி, காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். திரைப்படம் இந்த விபத்தை லெ மானில் மூன்றாமிடம் பெற்றதற்கு முன் நடந்ததாக மாற்றிவைத்து, அதிலிருந்து அவர் மீண்டு அந்த இடத்தைப் பிடித்ததுபோல் காட்டுகிறது. ஒரு மனிதரின் மரணத்தைக் கதைத் திருப்பத்துக்காக நகர்த்தியிருக்க வேண்டாம்.

உடல்பாரத்தை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்த துறையும் ஒன்று இருக்கிறது: சைக்கிள். 'ஸ்விஃப்ட்' என்ற கேமில் சொந்த சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி ஒரு கருவியில் மாட்டி மிதிக்கிறார்கள். திரையில் மேடு வந்தால் கருவியின் மின்காந்தம் இறுகும், மிதி கனக்கும். எத்தனை வாட் சக்தி கொடுக்கிறீர்களோ அவ்வளவு வேகம். வியர்வை நிஜம், மூச்சிரைப்பு நிஜம். ஆஸ்திரேலியாவின் ஜே வைன், ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் 2020-இல் வென்று தொழில்முறை அணியில் இடம்பெற்றார்; 2022-இல் ஸ்பெயின் நாட்டின் வுவெல்டா பந்தயத்தில் இரண்டு மலைக் கட்டங்களை வென்றார். ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் படகோட்டி. 2020-இல் நடந்த முதல் இணையச் சைக்கிள் உலகப் போட்டியில் பட்டம் வென்று, மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் வெள்ளியும் வாங்கி, பிறகு சைக்கிள் அணியில் சேர்ந்தார். கார் கேமில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது. கார் கேமில் கிடைத்தது இங்கே கிடைப்பதில்லை: நூற்றைம்பது பேர் தோளோடு தோள் உரச இறங்கும் மலைச்சரிவில் சைக்கிளைச் சாய்த்துத் திருப்பும் கலை, நகராத அந்தக் கருவியில் வராது.

பந்தயமும் கேமிடமிருந்து கடன் வாங்கிவிட்டது. மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ தொடர் 2018-19 பருவத்தில் 'அட்டாக் மோட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வேகமான வழியை விட்டு விலகி, தளத்தில் குறித்த ஓர் இடத்தின் மேல் ஓட்டிப் போனால் காருக்குச் சில நிமிடம் கூடுதல் சக்தி; அந்தப் பருவத்தில் அது 25 கிலோவாட். ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பாதுகாப்பு வளையத்தில் விளக்கு எரியும். மரியோ கார்ட் என்ற பந்தய கேமை ஆடிய எவருக்கும் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 2023 பிப்ரவரியில் ஹைதராபாதில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் நடந்த பந்தயத்திலும் இந்த விதி இருந்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும், இடத்தை இழந்து சக்தியைப் பெறுவதா என்று அணிகள் கணக்குப் போடும் நிமிடங்கள் விறுவிறுப்பானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2009 முதல் பருவத்துக்கு நடுவே கார்களைத் தடத்தில் ஓட்டிச் சோதிப்பதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அதிலிருந்து சிமுலேட்டர்தான் சோதனைச்சாலை. கேம் ஆட்டக்காரர்களுக்கு அங்கேயும் வேலை கிடைத்தது. 2017-இல் 'உலகின் வேகமான கேமர்' போட்டியில் வென்ற ரூடி வான் பியூரன், மக்லாரன் அணியின் சிமுலேட்டர் ஓட்டுநரானார். உச்சியில் இருப்பவர்களோ இரண்டையும் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். 2024 மே மாதம், இத்தாலியின் இமோலாவில் பந்தயம் இருந்த அதே வார இறுதியில், ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இரவில் இணையவழி நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் முறைக்கு ஓட்டினார். மறுநாள் இமோலாவில் வென்றார். அவருடைய இணைய அணியும் வென்றது.

பொறுப்பும் சேர்ந்தே வந்தது. 2020 ஊரடங்கில் ஃபார்முலா ஈ நடத்திய இணையப் பந்தயத்தில் அந்தத் தொடரின் ஓட்டுநர் டேனியல் ஆப்ட் தனக்குப் பதிலாக ஒரு கேம் ஆட்டக்காரரை ஓட்டவைத்தார். வேடிக்கையாகச் செய்தேன் என்றார். பந்தய நிர்வாகம் அவரைத் தகுதிநீக்கம் செய்து, அறக்கொடையாக 10,000 யூரோ கட்டச் சொன்னது. அவருடைய அணியான ஆடி அவரை இடைநீக்கம் செய்தது.

பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்து அவருக்குப் பின் போனவர் சென்னையின் கருண் சந்தோக் மட்டுமே. இருவருக்கும் பந்தயச் சூழல் வீட்டிலேயே இருந்தது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் தடங்கள் இருந்தும், ஓட்டிப் பழக ஆகும் டயர், பெட்ரோல், பழுதுச் செலவு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. சிமுலேட்டரும் மலிவல்ல, ஆனால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பைரன் வந்த வழி நம் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது.

அதனால் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளை பந்தய கேமில் கிறுக்காக இருந்தால் முதலில் பெரிய திரைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அழுத்தத்தை அளக்கும் பிரேக் மிதியை வாங்கிக் கொடுங்கள். ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தோடு பிரேக் பிடிக்க அவன், அல்லது அவள், பழகட்டும். சில மாதம் கழித்து, பைபாஸ் ரோட்டில் சோதித்துப் பார்க்கும் எண்ணம் தலையெடுக்கும் முன், ஹெல்மெட் மாட்டி ஒரு கோ-கார்ட் தடத்துக்குக் கூட்டிப் போங்கள்.